பரணில் கிடந்த பியட் இன்ஜின் சாமானும் அதை அளந்து கொடுத்த பட்டறையும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. ரீபோர் (தேய்ந்த சிலிண்டரை அகலமாகக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டைக் கடைவது), ஹெட் ஃபேசிங் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைச் சமப்படுத்துவது) செய்யும் இடம். நான் அங்கே இன்ஜின் வேலைக்குப் போகவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் வீட்டில் சேர்த்து வைத்திருந்த பழைய இன்ஜின் சாமானை எல்லாம் அளந்து, எது தேறும் எது தேறாது என்று சொல்லக் கேட்டுப் போனேன். அந்த வேலைக்கான ரிவ்யூதான் இது. கூடவே புதுப்பேட்டையில் விற்கப் போன கதையும் வரும், ஏனென்றால் ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல முடியாது. பட்டறையின் பெயரைப் போட வேண்டாம் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார், இருக்கிற வேலைக்கே ஆள் போதவில்லையாம்.

என்னிடம் இருப்பது 1982 மாடல் பிரீமியர் பத்மினி. நம் ஊரில் யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, பியட்தான். அப்பா வாங்கிய வண்டி, இன்னும் ஓடுகிறது. அவர் இருக்கும்போதே, 2008 வாக்கில், அயனாவரத்தில் ஓடாமல் நின்றுகொண்டிருந்த இன்னொரு பியட்டை சாமானுக்காக வாங்கி, ஆர்சியை முறையாக ரத்து செய்து, பிரித்துப் போட்டோம். அதற்கப்புறம் எங்கே பியட் சாமான் கண்ணில் பட்டாலும் வாங்கிவிடுவது என்று ஆகிவிட்டது. கடைசியில் கணக்கெடுத்தால் இரண்டு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் இன்ஜின் உடம்பு), இரண்டு கிராங்க், இரண்டு ஹெட், ஒரு கேம் ஷாஃப்ட், மூன்று கார்புரேட்டர், இரண்டு டைனமோ, ஒரு செல்ஃப் மோட்டார், டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு வாட்டர் பம்ப், பெட்டி பிரிக்காத ஒரு பிஸ்டன் செட், அப்புறம் கேஸ்கெட், ஆயில் சீல் என்று ஒரு கோணிப்பை நிறைய. வில்லிவாக்கத்தில் நாங்கள் இருப்பது தனி வீடுதான், ஆனால் மாடிப்படிக்கு அடியிலும் பரணிலும் இதுதான் இருந்தது. தரைக்கு டைல்ஸ் மாற்ற ஆள் வந்தபோது அம்மா நேராகக் கேட்டார்கள், "வைக்கிறதா, கொடுக்கிறதா, ஏதாவது ஒண்ணு சொல்லுடா. அப்பா நினைவுக்குன்னா ஒண்ணு ரெண்டு வை, எல்லாத்தையும் எதுக்கு?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. பியட் சாமான் இனிமேல் கிடைக்காது என்ற பயம்தான் எல்லாவற்றையும் கட்டிக் காக்க வைத்தது. அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. பம்பாய் குர்லா பேக்டரியில் இந்த வண்டி செய்வது 2000-ஐ ஒட்டி நின்றுபோனது. அதற்கப்புறமும் சாமான் புழங்கியதற்கு பம்பாய் டாக்சிகள் பெரிய காரணம். அங்கே டாக்சிக்கு 20 வருடம்தான் ஆயுள், கடைசி பியட் டாக்சியும் 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டது. தினமும் ஓடும் வண்டி இல்லையென்றால் புதிதாக சாமான் செய்து போட ஆள் இருக்காது என்பதுதான் என் கணக்கு.

முதலில் போனது புதுப்பேட்டைக்கு. போகாதவர்களுக்காகச் சொல்கிறேன், எழும்பூர் பக்கம், கூவத்தை ஒட்டி, ஆதித்தனார் சாலையிலும் அதிலிருந்து பிரியும் சந்துகளிலும் பழைய வண்டி சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். தரையே ஆயிலில் கறுத்திருக்கும். ஒரு கடையில் கதவு மட்டும், அடுத்த கடையில் கியர் பாக்ஸ் மட்டும், அதற்கடுத்த கடையில் ரேடியேட்டர் மட்டும் என்று அடுக்கியிருப்பார்கள். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முதல் கடைக்காரர் படத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார், "கிலோவுக்கா, பீஸுக்கா?" பீஸுக்கு என்றேன். "அப்ப கிராங்க் ஸ்டாண்டர்டா, கிரைண்ட் பண்ணதா? எந்த சைஸ்ல இருக்கு? போர் என்ன அளவு?" எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாத சாமானுக்கு இரும்பு விலைதான் என்றார். அப்போது கோபம் வந்தது, இப்போது யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாலாவது கடையில் இருந்த பெரியவர்தான், "தம்பி, மொதல்ல அளந்து எடுத்துக்கிட்டு வாங்க. அளவு தெரிஞ்சா நீங்களே பாதியை விக்க மாட்டீங்க, மீதியை வச்சுக்க மாட்டீங்க" என்று சொல்லி இந்தப் பட்டறைக்கு வழி சொன்னார்.

ஒரு சின்ன டெம்போவில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். பிளாக்கைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், பட்டறையில் இறக்கிக் கொடுக்க ஆள் கிடையாது, நீங்களே கூட்டிப் போக வேண்டும். மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் தரையில் பரப்பச் சொன்னார், சுற்றி ஒருமுறை நடந்தார், எதையும் கையில் எடுக்காமலே கேஸ்கெட், ஆயில் சீல் இருந்த கோணிப்பையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "ரப்பரும் கார்க்கும் வயசான அப்புறம் சாமான் இல்ல சார். எடுத்து மடிச்சுப் பாருங்க." ஒரு ஆயில் சீலை எடுத்து விரலால் அழுத்தினேன், அப்பளம் போல் உடைந்தது. கவர் பிரிக்காதது அது. பதினைந்து வருடம் பத்திரமாக வைத்திருந்தது. ஃப்யூவல் பம்ப் டயஃப்ரம், ஹோஸ், வாட்டர் பம்ப் சீல் எல்லாம் இதே கதைதான் என்றார். இதையெல்லாம் தேவைப்படும்போது புதிதாக வாங்க வேண்டும், கிடைக்காவிட்டால் அளவு கொடுத்து வெட்டிக்கொள்ள வேண்டும், சேர்த்து வைக்கக் கூடாது.

அப்புறம் பிளாக். இந்த இன்ஜின் 1089 சிசி, நாலு சிலிண்டர், போர் (சிலிண்டரின் விட்டம்) 68 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75 மி.மீ. போர் கேஜை உள்ளே விட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் நீளவாக்கில் ஒன்று குறுக்கே ஒன்று என்று ஆறு அளவு எடுத்தார். எதற்கு இத்தனை என்று கேட்டதும், ஒரு சிலிண்டரில் என் விரலை உள்ளே விட்டு மேல்விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தடவச் சொன்னார். நகத்தில் ஒரு சின்ன மேடு தட்டியது. பிஸ்டனின் மேல் ரிங் ஏறி நிற்கும் இடம் அது. அதற்கு மேலே ரிங் படாததால் தேயாமல் இருக்கும், கீழே தேய்ந்திருக்கும், அதுதான் மேடு. முதல் பிளாக் இன்னும் ரீபோர் போகாதது, அதிகபட்சம் 68.14 காட்டியது. ஒரு ரீபோர் போட்டால் புது மாதிரி, அதற்கப்புறமும் ஓவர்சைஸுக்கு, அதாவது இன்னும் அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட, இடம் இருக்கிறது. இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள் என்றார்.

இரண்டாவது பிளாக் அளவில் மோசமில்லை. ஆனால் அதன் மெயின் பேரிங் கேப்புகளை (கிராங்கை பிளாக்கோடு பிடித்து வைக்கும் மூடிகள்) பார்த்ததும் மாஸ்டர் முகம் மாறியது. இங்கேதான் ஒரு பழைய மனக்குறையைச் சொல்ல வேண்டும். 2008-இல் வண்டியைப் பிரிக்க வேறொரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தோம். அங்கே கேப்புகளை எல்லாம் ஒரு பெயின்ட் டின்னில் மொத்தமாகப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். நம்பர் பஞ்ச் அடித்திருந்தும் பார்க்கவில்லை. அதில் ஒன்று இந்த பிளாக்குக்கே உரியது இல்லை, வேறு ஏதோ இன்ஜினுடையது. கேப்பை பிளாக்கோடு சேர்த்து முடுக்கிய பிறகுதான் கிராங்க் உட்காரும் ஓட்டையைக் கடைவார்கள், அதனால் கேப்பும் பிளாக்கும் பிறவி ஜோடி. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் அப்படித்தான். ஓடிப் பழகிய கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அதன் மேல் உரசி ஏறி இறங்கும் டாப்பெட்டும்கூட எது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில் திரும்பப் போக வேண்டும், மாற்றிப் போட்டால் கேமின் மூக்கு சீக்கிரம் தேய்ந்துவிடும். வேறு கேப் போட்டு லைன் போர் (எல்லா ஓட்டையையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைவது) செய்யலாம், ஆனால் அந்தச் செலவுக்கு இந்த பிளாக் தகாது என்றார். பிரித்த அன்று ஒரு கயிற்றில் கோர்த்து வைத்திருந்தால் இன்று அது ஒரு முழு பிளாக். இன்ஜின் பிரிக்கக் கொடுக்கும் யாராக இருந்தாலும் இதற்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். எனக்கு அந்த டின்னை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

கிராங்க் அளந்ததுதான் நான் அங்கே பார்த்ததில் முக்கியமானது. இரண்டையும் ஒவ்வொன்றாக சங்கிலியில் தொங்கவிட்டு சின்ன சுத்தியலால் தட்டினார். விரிசல் இருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும், இல்லையென்றால் கணீரென்று நீளமாக ஒலிக்கும். இரண்டுமே கணீரென்றுதான் ஒலித்தன. மைக்ரோமீட்டர் வைத்ததில் ஒன்று ஸ்டாண்டர்ட், தேய்மானம் சொல்லும்படி இல்லை. இன்னொன்று முப்பது சைஸ். தெரியாதவர்களுக்கு, பத்து சைஸ் என்றால் கிராங்கை கால் மி.மீ. வாக்கில் கடைந்து குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அப்படி இருபது, முப்பது, நாற்பது என்று போகும், அதற்கேற்ற தடிமனில் பேரிங் ஷெல் (கிராங்கைச் சுற்றி உட்காரும் மெல்லிய தகடு) வாங்கிப் போட வேண்டும். முப்பது என்றால் இன்னும் ஒரு தடவை கடையலாம். அதனால் நல்ல சாமான் என்றுதான் நினைத்தேன். புதுப்பேட்டையில் இதன் படத்தைப் பார்த்து, சைஸ் சரியாக இருந்தால் 3,000 தருகிறேன் என்று ஒருவர் சொல்லியும் இருந்தார்.

மாஸ்டர் அதைத் துடைத்துவிட்டு, என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து ஜர்னல் (பேரிங்குக்குள் சுற்றும் உருண்டைப் பகுதி) பக்கச் சுவரோடு சேரும் மூலையில் இழுத்தார். நகம் சட்டென்று நின்றது. ஸ்டாண்டர்ட் கிராங்கில் அதே இடத்தில் இழுத்தால் நகம் வழுக்கிக்கொண்டு சுவரில் ஏறியது. அந்த மூலையில் ஒரு வளைவு இருக்க வேண்டும், ரேடியஸ் என்பார்கள். கடையும்போது கல்லின் ஓரத்தை உருட்டாமல் கடைந்தால் வளைவு போய் மூலை கூராகிவிடும், இன்ஜின் சுற்றும்போது வரும் முறுக்கு எல்லாம் அந்தக் கோட்டில் போய்ச் சேரும். "இன்னைக்கு ஓடும் சார், நாளைக்கும் ஓடும். ஒருநாள் ஹைவேல இந்த எடத்துலதான் ரெண்டா போகும்." இதைச் சரி செய்ய முடியாதா என்று கேட்டேன். வளைவு கொடுக்க இன்னும் கடைய வேண்டும், மூலைக்கு ஒழுங்காக வளைவு கொடுத்தால் நாற்பதையும் தாண்டிவிடும், ஷெல் கிடைக்காது.

அப்படியென்றால் வைப்பதா விற்பதா என்ற கேள்வியே இதற்கு இல்லை. நான் விற்றால் வாங்குகிறவர் முப்பது சைஸ் கிராங்க் என்று இன்னொருவருக்கு விற்பார், அவர் வண்டியில் ஏறும், அந்த வண்டியில் ஒரு குடும்பம் போகும். மாஸ்டரிடம் கிரைண்டரை வாங்கி, அவர் காட்டிய இடத்தில் நானே ஜர்னலின் குறுக்கே ஆழமாக வெட்டினேன். இனி அதை யாரும் எந்த இன்ஜினிலும் போட முடியாது. 3,000 ரூபாய் போனது போனதுதான். இப்படி ஒரு பட்டறைக்காரர் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு இதில் ஒரு பைசா லாபம் இல்லை, இந்த ஒரு விஷயத்துக்காகவே நான் அந்தப் பட்டறைக்கு முழு மார்க் போடுவேன்.

ஹெட் இரண்டும் அலுமினியம். மண்ணெண்ணெயில் நன்றாக ஊறவைத்து, துடைத்து, மேலே சாக் பவுடரைத் தூவிக் கொஞ்ச நேரம் விட்டார். ஒன்றில் இரண்டு வால்வ் சீட்டுக்கு நடுவே வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று மெதுவாக வரைந்துகொண்டு வந்தது. விரிசல் உள்ளே குடித்த மண்ணெண்ணெய் வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அது, நான் பல தடவை அதே ஹெட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன். இன்னொன்று சுத்தம், தண்ணீர்ப் பாதையின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அரிப்பு, ஒரு லேசான ஃபேசிங் போதும்.

மிச்சம் இருந்தது பிஸ்டன் செட். பெட்டியில், எண்ணெய்க் காகிதம் சுற்றி, புத்தம் புதிதாக இருந்தது. அப்பா ஆசையாக வாங்கியது, எனக்கு எல்லாவற்றையும்விட மதிப்பாகத் தெரிந்தது அதுதான். அது ஓவர்சைஸில் பெரிய அளவு. என் வண்டியில் இருக்கும் இன்ஜின் 2016-இல் ரீபோர் செய்தது, முதல் ஓவர்சைஸில் இருக்கிறது. "வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க?" என்று கேட்டார். மிஞ்சிப் போனால் 1,500 கிலோமீட்டர், மகாபலிபுரம், காஞ்சிபுரம், எப்போதாவது பாண்டிச்சேரி. ஒழுங்காகச் செய்த இன்ஜின் குறைந்தது 60,000 ஓடும் என்றார். கணக்குப் போட்டால் அந்த ரீபோரிலிருந்து 40 வருடம். எனக்கு இப்போது 44. அடுத்த ரீபோர் வரும்போது எனக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், இந்த பிஸ்டன் அதற்கும் அடுத்த ரீபோருக்கு. இதை யாரும் எனக்கு இதற்கு முன் இப்படிச் சொன்னதில்லை. கிடைக்காது, கிடைக்காது என்று நான் சேர்த்ததெல்லாம் தினமும் ஓடும் டாக்சிக்குத் தேவையான சாமான். மாதத்துக்கு இரண்டு தடவை வெளியே எடுக்கும் வண்டியில் கெடுவது வேறு: பெட்ரோல் காய்ந்து கார்புரேட்டர் அடைப்பது, டயஃப்ரம், வாட்டர் பம்ப் சீல், ஹோஸ். அதாவது சேர்த்து வைக்க முடியாத சாமான்தான் எனக்குத் தேவைப்படுகிறது, சேர்த்து வைத்தது தேவைப்படவில்லை.

ஆனாலும் ஒரு முழு இன்ஜினுக்கு உரிய வார்ப்பை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு பிளாக் அதன் கேப்புகளோடு, ஸ்டாண்டர்ட் கிராங்க், நல்ல ஹெட், கேம் அதன் டாப்பெட்டோடு, ஆயில் பம்ப். ஏதாவது ஒருநாள் ராட் உடைந்து பிளாக்கைக் கிழித்தால் வண்டி அதோடு நிற்கக் கூடாது என்பதற்காக. ஒரு செட், இரண்டாவது செட் கிடையாது. அப்படி பிளாக் மாற்றினால் இன்ஜின் நம்பரை ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்ற வேண்டும், அதனால் ரத்தான வண்டியின் காகிதங்களை பிளாக்கோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வின்டேஜ் பதிவு கொண்டு வந்தார்கள், அதில் இன்ஜினும் பாடியும் பெரிதாக மாற்றாமல் அசலாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. என் வண்டி அந்த வயதுக்கு வரும்போது ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினே இருந்தால் நல்லது, ஸ்பேர் என்பது கடைசி வழிதான்.

எல்லாம் அளக்க இரண்டு நாள் ஆனது, 2,400 ரூபாய் வாங்கினார். என்னைக் கேட்டால் அதிகம் இல்லை. குறை என்றால் இரண்டு சொல்லலாம். அளவை சாக்பீஸால் அந்தந்த சாமான் மேலேயே எழுதிவிடுகிறார், காகிதத்தில் தருவதில்லை. நீங்கள் நோட்டு கொண்டு போய்ப் பக்கத்தில் நின்று எழுதிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்கு வருவதற்குள் அழிந்துவிடும். மதியம் வரை போன் எடுக்க மாட்டார், நேரில் போவதுதான் வழி.

அளவு எழுதிய நோட்டோடு மறுபடி புதுப்பேட்டை போனேன். அதே கடைகள்தான், பேச்சே வேறு. செல்ஃப் மோட்டாரையும் டைனமோக்களையும் பீஸ் விலைக்கே எடுத்தார்கள். ஜோடி போன பிளாக், விரிசல் விட்ட ஹெட், வெட்டிய கிராங்க் மூன்றும் கிலோவுக்குப் போயின. அலுமினியத்துக்கு இரும்பைவிடப் பல மடங்கு விலை என்பதால் ஹெட்டைத் தனியாக எடை போடச் சொல்லுங்கள், நான் கேட்ட பிறகுதான் பிரித்துப் போட்டார்கள். இன்ஜின் நம்பர் உள்ள பிளாக்கைக் கொடுக்கும்போது ஆர்சி ரத்து செய்த காகிதத்தின் நகலைக் கொடுத்து, விற்ற தேதியோடு கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். நகல் கேட்காத கடையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கார்புரேட்டருக்கும் பிஸ்டனுக்கும் அங்கே சரியான விலை இல்லை, பியட்டுக்கு ஆள் வருவதே குறைந்துவிட்டது என்கிறார்கள். அவற்றை சினிமா ஷூட்டிங்குக்குப் பழைய வண்டி கொடுக்கும் ஒருவர் கோடம்பாக்கத்திலிருந்து வந்து எடுத்துப் போனார், அவருடைய இன்ஜினுக்கு அந்த பிஸ்டன் அளவு அப்படியே பொருந்தியது. பெட்டியைத் திறந்து எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தபோது அவர் முகத்தைப் பார்த்து எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

வேறு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மாருதி 800 சாமானை சேர்த்து வைத்திருந்தால் யோசிக்காமல் கொடுத்துவிடலாம், அதே 796 சிசி இன்ஜின்தான் ஆம்னியிலும் வந்தது, ஆம்னி 2019 வரை வெளிவந்தது, சாமானுக்குப் பஞ்சம் இல்லை. கான்டெஸாவின் 1.8 இசுசு இன்ஜின் சாமான் என்றால் அளக்காமல் ஒரு நட்டைக்கூடக் கொடுக்காதீர்கள்.

வைத்துக்கொண்ட ஒரு செட் இப்போது மாடிப்படிக்கு அடியில் ஒரு மூலையில் இருக்கிறது. கிராங்கை படுக்க வைத்தால் வருடக்கணக்கில் வளையலாம் என்று நிமிர்த்தி நிறுத்தி சுவரோடு கட்டச் சொன்னார், அப்படியே செய்திருக்கிறேன். போருக்குள் கெட்டியாக கியர் ஆயில், ஜர்னல்களுக்கு கிரீஸ், மேலே பிளாஸ்டிக் உறை, ஒவ்வொன்றிலும் அளவும் தேதியும் எழுதிய தகர அட்டை கம்பியில் கட்டித் தொங்குகிறது. நம் சென்னைக் காற்றுக்கு இது ஒரு வருடம் தாங்கும், அப்புறம் துடைத்து மறுபடி எண்ணெய் போட வேண்டும். ஆயுத பூஜை அன்றைக்கு அதைச் செய்வதாக வைத்திருக்கிறேன், வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது இதற்கும் சேர்த்து.